விடுமுறையில் தனிப்படகு அமர்த்திக் கடலில் தூண்டில் போடுதல்: முழுமையான வழிகாட்டி

விடுமுறைக்குக் கடலோரம் செல்பவர்கள் மீன்பிடிக்கப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆளுக்கு ஓர் இடம் என்ற கணக்கில் அறிமுகமில்லாத பலருடன் பெரிய படகில் ஏறிச் செல்வது. மற்றொன்று, ஒரு படகையும் அதன் படகோட்டியையும் தம் குழுவுக்கென்று மட்டும் அமர்த்திக்கொள்வது. இந்த வழிகாட்டி இரண்டாவது வழியைப் பற்றியது. செலவு கூடுதலாக இருந்தாலும், எந்த மீனைத் தேடுவது, எவ்வளவு தூரம் போவது, குழந்தைக்குத் தலை சுற்றினால் எப்போது திரும்புவது என்பதையெல்லாம் குழுவே தீர்மானிக்கலாம். தூண்டிலைத் தொட்டே பார்க்காதவருக்கும் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்க ஆள் இருக்கும். கொடுக்கும் பணத்துக்குக் கிடைப்பவற்றில் முதன்மையானது படகோட்டியின் கடலறிவு. படகின் நீளமும் இயந்திரத்தின் வலுவும் அதற்கு அடுத்தவைதான். ஆகவே பின்வரும் படிகளில் பெரும்பாலானவை, அந்த அறிவை நன்றாகத் தேர்ந்தெடுப்பதையும் அது வேலை செய்ய இடம் விடுவதையும் பற்றியவை.

முதல் படி: எந்த வகை மீன்பிடிப்பு என்று முடிவு செய்தல்

கடல் மீன்பிடிப்பு என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல அனுபவங்கள் அடங்கியுள்ளன. கரையோரக் கழிமுகங்களிலும் விரிகுடாக்களிலும் செய்யும் மீன்பிடிப்பில் அலை குறைவு, பயண நேரம் குறைவு, சிறு மீன்கள் அடிக்கடி கடிக்கும். குழந்தைகளுக்கும் முதன்முறை செல்பவர்களுக்கும் இதுவே ஏற்றது. சற்றுத் தள்ளிக் கடலடிப் பாறைகளின் மீது படகை நிறுத்தி, ஈயக்குண்டு கட்டிய தூண்டில் நரம்பை அடிவரை இறக்கிக் களவா, சங்கரா போன்றவற்றைப் பிடிப்பது அடுத்த வகை. கரையே தெரியாத ஆழத்துக்குச் சென்று, ஓடும் படகுக்குப் பின்னால் இரைகளை இழுத்துச்சென்று சூரை, மயில்மீன், மார்லின் போன்ற வேகமான மீன்களைத் தேடுவது மூன்றாவது வகை. இதை ட்ரோலிங் என்பார்கள்.

மூன்றாவது வகையின் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் படகு தேடத் தொடங்குகிறார்கள். ஆனால் ட்ரோலிங்கில் படகு மணிக்கணக்காக ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கடி கூட இல்லாமல் அரை நாள் கழியலாம். மீன் சிக்கும்போது தூண்டில் கம்பைப் பிடிப்பவர் ஒருவர் மட்டுமே, மற்றவர்கள் பார்வையாளர்கள். நான்கைந்து பேர் கொண்ட குடும்பம் எல்லோருடைய கையிலும் தூண்டில் இருக்க வேண்டும் என்று விரும்பினால், பாறை மீன்பிடிப்பே பொருத்தமானது என்பது என் கருத்து. ஒரு பெரிய மீனுக்காக எதையும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருப்பவர் மட்டும் ஆழ்கடலைத் தேர்ந்தெடுக்கலாம்.

இரண்டாம் படி: நேரத்தைக் கணக்கிடுதல்

அரை நாள் என்றால் பொதுவாக 4 மணி நேரம், முழு நாள் என்றால் 8 மணி நேரம். இந்தக் கணக்கு படகுத்துறையை விட்டுக் கிளம்பும் நொடியில் தொடங்கித் திரும்பி வந்து கட்டும் நொடியில் முடிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், 20 நாட் வேகத்தில் ஓடும் படகு ஒரு மணி நேரத்தில் சுமார் 37 கிலோமீட்டர் செல்லும். மீன் இருக்கும் இடம் அவ்வளவு தொலைவில் இருந்தால், அரை நாள் பயணத்தில் போக ஒரு மணி, வர ஒரு மணி போக இரண்டே மணி நேரம்தான் தூண்டில் நீரில் இருக்கும். ஆகவே, "மீன்பிடிக்கும் இடத்தை அடைய எவ்வளவு நேரமாகும்?" என்ற கேள்வியைக் கேட்காமல் அரை நாள் ஆழ்கடல் பயணத்துக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. கரையோர மீன்பிடிப்புக்கோ 4 மணி நேரம் தாராளம்; அதற்கு மேல் குழந்தைகள் சலித்துவிடுவார்கள்.

மூன்றாம் படி: படகோட்டியைத் தேர்ந்தெடுத்தல்

இணையத்தில் காணப்படும் படங்கள் சிறந்த நாட்களின் படங்கள். அவற்றை வைத்துப் படகை எடைபோட முடியாது. பயணிகளின் மதிப்புரைகளைப் படிக்கும்போது, மீன் கிடைத்தவர்களின் பாராட்டைவிட, மீன் கிடைக்காத நாளில் சென்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதைத் தேடிப் படிப்பது பயனுள்ளது. அத்தகைய நாளிலும் படகோட்டி இடம் மாற்றினார், முறையை மாற்றினார், பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார் என்று எழுதியிருந்தால் அவரை நம்பலாம்.

அடுத்து, இடைத்தரகர் வழியாகப் பதிவு செய்தாலும், பணம் கொடுப்பதற்கு முன் படகோட்டியிடம் நேரடியாகப் பேச முயல வேண்டும். விடுதியின் வரவேற்பு மேசையில் கிடைக்கும் தகவல் பெரும்பாலும் விலைப்பட்டியலோடு நின்றுவிடும். இந்த வாரம் என்ன மீன் வருகிறது, நீர் தெளிந்திருக்கிறதா, காற்று எப்படி என்பது நேற்றுக் கடலில் இருந்தவருக்குத்தான் தெரியும். அவரிடம் பேசும்போது குழுவின் உண்மை நிலையை மறைக்காமல் சொல்ல வேண்டும்: எத்தனை பேர், என்ன வயது, யாருக்கு நீச்சல் தெரியாது, யாருக்கு முதுகுவலி, பிடித்ததை உண்ண விருப்பமா அல்லது விட்டுவிட விருப்பமா. "பெரிய மீன் வேண்டும்" என்று மட்டும் சொல்பவரை அவர் தொலைவான கடலுக்கு அழைத்துச் செல்வார், அது அவர் குற்றமாகாது. "இரண்டு குழந்தைகளுக்கும் ஆளுக்கு ஒரு மீனாவது சிக்க வேண்டும்" என்று சொன்னால் பயணத்தின் திட்டமே வேறாகிவிடும்.

உரிமம், பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றிக் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை. கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றும் படகுகளுக்குப் பல நாடுகளில் தனி விதிகள் உள்ளன. அமெரிக்காவில் அரசு ஆய்வுக்கு உட்படாத சிறு வாடகைப் படகுகளில் கட்டணப் பயணிகள் 6 பேருக்கு மேல் ஏறக் கூடாது, பிரிட்டனில் சிறு வணிகப் படகுகளுக்கான விதி 12 பயணிகள் வரை அனுமதிக்கிறது. செல்லும் நாட்டின் வரம்பு எதுவாக இருந்தாலும், "இன்னும் ஒருவர்தானே, ஏறிக்கொள்ளுங்கள்" என்று சொல்பவரைத் தவிர்ப்பது நல்லது. ஒவ்வொருவருக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, அவரவர் அளவில் உயிர்காப்பு மேலாடை இருக்கிறதா, படகிலிருந்து கரையோடும் மற்றப் படகுகளோடும் பேச உதவும் வி.எச்.எப். வானொலி வேலை செய்கிறதா, கரை மறையும் தூரம் செல்வதானால் செயற்கைக்கோள் வழி அபாயக் குறி அனுப்பும் கருவி உண்டா, முதலுதவிப் பெட்டியும் தீயணைப்பானும் உண்டா என்று கேட்க வேண்டும். கைபேசிச் சமிக்ஞை கடலில் சில கிலோமீட்டரிலேயே அறுந்துபோகும் என்பதால் "போன் இருக்கிறது" என்ற பதில் போதாது.

பணம் பற்றிய பேச்சில் நான்கு விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். கட்டணத்தில் எரிபொருள், இரை, தூண்டில், பனிக்கட்டி, மீன் சுத்தம் செய்தல் ஆகியவை அடங்குமா என்பது ஒன்று. மீன்பிடி அனுமதிச் சீட்டு படகின் உரிமத்திலேயே அடங்குமா, பயணி தனியாக வாங்க வேண்டுமா என்பது இரண்டாவது. இது ஊருக்கு ஊர் மாறும், சீட்டு இல்லாமல் பிடிபட்டால் அபராதம் கட்டுவது பயணியாகவும் இருக்கலாம். படகோட்டியே வானிலை காரணமாக ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்புமா என்பது மூன்றாவது. பிடித்த மீன் யாருக்கு என்பது நான்காவது. சில இடங்களில் மீன் படகுக்கே சொந்தம், பயணிக்கு ஒரு பங்கு மட்டும் தருவது வழக்கம். இதைக் கரை திரும்பிய பிறகு அறிந்துகொண்டால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

நான்காம் படி: நாளைக் குறித்தல்

பயணத்தை விடுமுறையின் முதல் பாதியில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி நாளுக்குப் பதிவு செய்தவருக்குக் கடல் கொந்தளித்தால் மாற்று நாள் இல்லை. அதைவிட மோசமாக, "இன்று போகாவிட்டால் என்றுமே இல்லை" என்ற எண்ணத்தில், போகக் கூடாத நாளில் போகும்படி படகோட்டியை வற்புறுத்தும் நிலையும் வரும். இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் காலையைக் குறித்துவிட்டு, அதற்குப் பின் ஒரு நாளைக் காலியாக வைத்திருப்பது சிறந்தது. காலை என்று சொல்வதற்குக் காரணம், பல கரைகளில் நிலம் சூடேறிய பின் பிற்பகலில் கடற்காற்று வலுப்பதுதான்.

வானிலை அறிவிப்பைப் படிக்கும்போது அலையின் உயரத்தை மட்டும் பார்ப்பது போதாது. இரண்டு அலைகளுக்கு இடையிலான நேரமும் அதே அளவு முக்கியம்: 12 நொடிக்கு ஒருமுறை வரும் ஒன்றரை மீட்டர் அலையில் படகு மெல்ல ஏறி இறங்கும், 5 நொடிக்கு ஒருமுறை வரும் அதே உயர அலையில் படகு இடித்து இடித்துச் செல்லும், நிற்பதே கடினமாகிவிடும். அறிவிப்பில் வரும் அலை உயரம், உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி என்பதால், அதைப்போல் இரு மடங்கு உயரமுள்ள அலையும் இடையிடையே வரலாம். காற்றின் வேகம் 10 நாட் வரை இருந்தால் பெரும்பாலான சிறு படகுகளுக்கு வசதியான நாள். 11 நாட்டைத் தாண்டும்போது அலைகளின் உச்சியில் வெண்நுரை பரவலாகத் தெரியத் தொடங்கும், 16 நாட்டை நெருங்கும்போது பழக்கமில்லாதவர்களுக்குச் சிரமம்தான். நீரோட்டத்துக்கு எதிராகக் காற்று வீசினால் அலைகள் செங்குத்தாக எழும் என்பதால், எண்கள் நன்றாக இருந்தும் படகோட்டி மறுக்கக்கூடும். அவர் வேண்டாம் என்று சொன்னால் பேச்சு அத்தோடு முடிய வேண்டும். ஒரு நாள் வருமானத்தை விட்டுக்கொடுத்துச் சொல்லும் சொல் அது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடலின் ஏற்றமும் வற்றமும் மிகுந்து நீரோட்டம் வலுக்கும். நீர் நகரும்போது மீன்கள் இரை தேடுவது அதிகம் என்பதால் கரையோர மீன்பிடிப்புக்கு அது நல்லது; ஆனால் ஆழத்தில் ஈயத்தை இறக்க முடியாதபடி நரம்பை இழுத்துச்செல்லும் அளவுக்கு ஓட்டம் இருந்தால் பாறை மீன்பிடிப்பு கெடும். இதையும் படகோட்டியிடம் விட்டுவிடலாம்.

ஐந்தாம் படி: குமட்டலுக்கு முன்னேற்பாடு

காசு கொடுத்து ஏறியவர்களின் நாளைக் கெடுப்பதில் மீனின்மையைவிடக் கடல் குமட்டலே முன்னணியில் நிற்கிறது. உள்காது அசைவை உணர்கிறது, கண்ணோ அசையாத படகின் தரையைப் பார்க்கிறது. இந்த முரண்பாட்டால் வருவதே குமட்டல். எனவே வந்த பிறகு மருந்து தேடுவதில் பயன் குறைவு, வாந்தி எடுப்பவரின் வயிற்றில் மாத்திரை தங்காது. டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின், சின்னாரிசின் போன்ற மாத்திரைகளைப் படகு கிளம்புவதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். காதின் பின்புறம் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டையைக் குறைந்தது 4 மணி நேரம் முன்பு ஒட்ட வேண்டும். இவை தூக்கத்தை வரவழைக்கும் என்பதால் மதுவோடு சேரக் கூடாது. கண்ணழுத்த நோய், புரோஸ்டேட் வீக்கம் போன்றவை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் குழந்தைகளுக்குக் கொடுக்க நினைப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

முந்தைய இரவு நன்றாக உறங்கி, காலையில் எண்ணெய் குறைந்த எளிய உணவை அளவாக உண்பது வெறும் வயிற்றோடு போவதைவிட நல்லது. படகில் ஆட்டம் குறைவான இடம் நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னால். அங்கே நின்று, புகை முகத்தில் படாதபடி, அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கைபேசித் திரையைப் பார்ப்பதும் அறைக்குள் சென்று படுப்பதும் பலருக்கு நிலைமையை மோசமாக்கும்.

ஆறாம் படி: மூட்டை கட்டுதல்

தூண்டில், கம்பு, இரை எல்லாம் படகில் இருக்கும். சொந்தக் கருவிகளைச் சுமந்து செல்லத் தேவையில்லை. கட்டாயம் வேண்டியவை போலராய்ட் கண்ணாடி, கயிறு கட்டிய தொப்பி, முழுக்கைச் சட்டை, நீரில் கரையாத வெயில் பூச்சு, காற்றுக்கு ஒரு மேலாடை, போதிய குடிநீர். கண்ணாடி அழகுக்காக மட்டும் இல்லை: நீரின் கூசலைக் குறைத்து மீனைக் காட்டும், பறந்து வரும் தூண்டில் முள்ளிலிருந்து கண்ணையும் காக்கும். படகின் தளத்தில் கறை பதிக்காத அடியுள்ள, வழுக்காத காலணி போட வேண்டும். பெரிய பெட்டிகளுக்குப் படகில் இடம் இராது. வாழைப்பழம் கொண்டுபோனால் மீன் வராது என்ற பழைய நம்பிக்கை உலகின் பல துறைமுகங்களில் இன்றும் இருக்கிறது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை, ஆனால் படகோட்டியின் முகம் வாடாமல் இருக்க வேறு பழம் எடுத்துச் செல்லலாம். பயணக் காப்பீடு வைத்திருப்பவர்கள் அதில் ஆழ்கடல் மீன்பிடிப்பு விலக்கப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே படித்துக்கொள்ள வேண்டும்.

ஏழாம் படி: படகில்

கிளம்புமுன் உயிர்காப்பு மேலாடைகள் இருக்கும் இடம், வானொலியை இயக்கும் விதம், படகோட்டி மயங்கி விழுந்தால் என்ன செய்வது ஆகியவற்றைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். வி.எச்.எப். வானொலியில் அபாய அழைப்புக்கான அலைவரிசை உலகெங்கும் 16. இதைக் குழுவில் இரண்டு பேராவது தெரிந்துவைத்திருந்தால் போதும்.

படகு ஓடும்போது அணியத்தில், அதாவது அதன் முன்முனையில், நிற்கக் கூடாது. யாராவது தூண்டிலை வீசுவதற்கு முன் பின்னால் பார்க்க வேண்டும், மற்றவர்கள் அவர் பின்னால் நடக்கக் கூடாது. நரம்பை விரலிலோ கையிலோ சுற்றிப் பிடிப்பது மிக ஆபத்தானது. பெரிய மீன் ஒரே இழுப்பில் விரலை அறுத்துவிடும், ஆளைக் கடலுக்குள் இழுத்ததும் உண்டு.

எட்டாம் படி: மீன் சிக்கிய பின்

முதன்முறை தூண்டில் பிடிப்பவர்கள் மீனை இழப்பது பெரும்பாலும் பதற்றத்தால்தான். நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலில் உள்ள டிராக் என்ற தடை, நரம்பு அறுபடும் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு இழுவைக்கு விட்டுக்கொடுக்கும்படி வைக்கப்பட்டிருக்கும். மீன் ஓடும்போது ரீல் கிறீச்சிட்டு நரம்பை விடுவது அதன் வேலை. அந்நேரத்தில் கைப்பிடியைச் சுற்றுவதால் மீன் ஒரு அங்குலமும் நெருங்காது, சில வகை ரீல்களில் நரம்பு முறுக்கிக்கொள்ளும். டிராக்கை இறுக்கத் தோன்றும். படகோட்டி சொல்லாமல் அதைத் தொடக் கூடாது.

மீன் நின்றதும் கம்பை மெல்ல உயர்த்த வேண்டும், பிறகு கம்பைத் தாழ்த்திக்கொண்டே ரீலைச் சுற்ற வேண்டும். உயர்த்துவது மீனை நகர்த்தும், தாழ்த்துவது கிடைத்த நரம்பைச் சேமிக்கும். இரண்டுக்கும் நடுவில் நரம்பு தளர்ந்துவிட்டால் முள் கழன்றுவிடும். கம்பைத் தலைக்கு மேல் செங்குத்தாக உயர்த்தினால் அது நுனியில் முறியும் வாய்ப்பு உண்டு என்பதால் நெஞ்சு உயரமே போதும். கைகளால் மட்டும் இழுப்பவர் ஐந்து நிமிடத்தில் சோர்ந்துபோவார். முழங்காலைச் சற்று மடக்கி உடல் எடையைப் பின்னால் சாய்க்க வேண்டும். நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளைப் பயன்படுத்தும்போது கடித்தவுடன் கம்பைச் சுண்டி இழுக்கவும் கூடாது. மீன் தானே திரும்பி ஓடும்போது முள் வாயின் ஓரத்தில் பதிந்துகொள்ளும், நிதானமாகச் சுற்றத் தொடங்கினால் போதும்.

கடைசி சில மீட்டர்களில் படகோட்டியும் உதவியாளரும் சொல்வதை மட்டும் கேட்க வேண்டும். படகைக் கண்ட மீன் மீண்டும் ஒருமுறை பாய்ந்தோடும், அதிக மீன்கள் தப்புவது அங்கேதான். மீனைத் தூக்கும் வளைகொக்கிக்கும் கம்பு பிடித்திருப்பவருக்கும் இடையில் யாரும் நிற்கக் கூடாது, படம் எடுப்பவரும்கூட. சாதனைக் கனவு உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு: 1939-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிப்புச் சங்கத்தின் விதிப்படி, போராட்டத்தின்போது வேறொருவர் கம்பையோ ரீலையோ தொட்டுவிட்டால் அந்த மீன் சாதனைக் கணக்கில் சேராது. விடுமுறைக் குழுவுக்கோ, கம்பைக் கைமாற்றி எல்லோரும் இழுப்பதே மகிழ்ச்சி.

ஒன்பதாம் படி: விடுவதும் வைத்துக்கொள்வதும்

ஒவ்வொரு இனத்துக்கும் குறைந்தபட்ச நீளம், நாளொன்றுக்கு எத்தனை, எந்த மாதங்களில் தடை என்ற விதிகள் பல கடல்களில் உண்டு. அவற்றைப் படகோட்டி அறிவார், அவர் விடச் சொன்னால் விட வேண்டும். விடப்போகும் மீனைக் கைகளை நனைத்த பிறகே தொட வேண்டும், கூடியவரை நீரைவிட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்ற வேண்டும். சுமார் 20 மீட்டருக்கும் ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்த களவா, சங்கரா போன்றவற்றின் காற்றுப்பை விரிந்து, வயிறு உப்பி, கண் பிதுங்கி, மீன் மிதக்கும். அப்படியே விட்டால் பறவைகளுக்கும் சுறாவுக்கும்தான் இரை. எடை கட்டிய கருவியால் மீண்டும் ஆழத்துக்கு இறக்கி விடும் வசதி நல்ல படகுகளில் இருக்கும். அது இல்லையென்றால், தேவையான மீன் கிடைத்ததும் அந்த ஆழத்தில் பிடிப்பதை நிறுத்திவிடுவதே சரி.

வைத்துக்கொள்ளும் மீனை உடனே கொன்று, இரத்தம் வடித்து, பனிக்கட்டியும் கடல்நீரும் கலந்த தொட்டியில் மூழ்கவிட வேண்டும். வெறும் பனிக்கட்டியைவிட இந்தக் கலவை விரைவாகக் குளிரவைக்கும். சூரை இன மீன்களுக்கு இது சுவைப் பிரச்சினை மட்டுமில்லை. வெயிலில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும், எவ்வளவு சமைத்தாலும் அது அழியாது, உண்டவருக்கு முகம் சிவந்து, தலைவலியும் தடிப்பும் வரும். எனவே கரை திரும்பிய பிறகும் மீன் 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறாமல் அறைக்கோ சமையற்கூடத்துக்கோ போய்ச்சேர வேண்டும். உதவியாளருக்கு அன்பளிப்புத் தருவது வழக்கமாக உள்ள இடங்களில், மீனை வெட்டித் தரும் அந்த நேரமே அதற்கு ஏற்றது. எவ்வளவு என்பதை முன்னரே விசாரித்துவைப்பது சங்கடத்தைத் தவிர்க்கும்.

வெப்பமண்டலப் பவளப்பாறைகளில் பிடித்த பெரிய சீலா, பெரிய களவா, விலாங்கு ஆகியவற்றை உண்பதற்கு முன் படகோட்டியைக் கேட்க வேண்டும். பாறைப் பாசிகளில் வளரும் நுண்ணுயிரி ஒன்றின் நச்சு, சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறி அங்கே சேர்ந்துவிடும். நிறமோ மணமோ காட்டாது, சமைத்தாலும் உறையவைத்தாலும் போகாது. சிகுவாடெரா என்ற இந்த நஞ்சு எந்தப் பாறையில் உண்டு, எந்த அளவு மீனை ஊரார் உண்பதில்லை என்பது அங்குள்ள மீனவர்களின் நீண்ட அனுபவத்தில் இருக்கிறது. படகோட்டி வேண்டாம் என்றால் அந்த மீனை விட்டுவிட்டுச் சிறியதைச் சமைக்கலாம். உண்ட சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, உதட்டில் மதமதப்பு, குளிர்ந்தது சுடுவதுபோன்ற உணர்வு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரிடம் சென்று, என்ன மீன், எங்கே பிடித்தது, எப்போது உண்டது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.